வரவில்லை என்று எழுதியவருக்கு

திருப்புலிவனம்
18.06.2024

புறநோயாளர் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். நான் நலமில்லை. உங்கள் நலத்தை அறியும் ஆவலும் இப்போதைக்கு இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் செவ்வந்தி. வயது நாற்பத்து நான்கு. திருப்புலிவனம் காலனி. வேலை, நடவும் களையும். எங்கள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவி. போன நவம்பரில் உங்கள் மருத்துவமனை எங்கள் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது எனக்குக் கண்ணில் நீர் அழுத்தம் என்று கண்டுபிடித்தார்கள். ஜனவரியில் காஞ்சிபுரத்துக்கு வந்து டாக்டர் கல்பனாவிடம் காட்டினேன். "இது வலிக்காதும்மா. ஓரத்துலேர்ந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கிட்டே வரும், உங்களுக்கே தெரியாது. போனது திரும்பாது. சொட்டு மருந்தை ஒருநாள்கூட விடாதீங்க, மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க" என்றார். மூன்று மாதத்துக்கு மருந்து கொடுத்தார்கள். அடுத்த மருந்து டாக்டர் மறுபடி பார்த்த பிறகுதானாம்.

நான் சொன்னபடி செய்தேன். போனில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண்குரல் சொன்னதையெல்லாம் அழுத்தி நேரம் வாங்கினேன். ஏப்ரல் 16 வந்தேன், லிஸ்டில் பெயர் இல்லை. மறுபடி நேரம் வாங்கி மே 14 வந்தேன், இல்லை. ஜூன் 11 வந்தேன், அப்போதும் இல்லை. மருந்து ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. உத்திரமேரூர் மருந்துக்கடையில் பழைய சீட்டுக்குத் தரமாட்டேன் என்றுவிட்டார்கள்.

ஜூன் 11 அன்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நீங்கள். "டேய் அருளு, மூணாவது வாட்டி வந்துகீறேன்டா, இன்னா ஏதுன்னு பாரு" என்று மெதுவாகத்தான் கேட்டேன். நீங்கள் தலையை நிமிர்த்தாமல், "லிஸ்ட்ல பேர் இல்லம்மா. ஓரமா நில்லுங்கம்மா. அடுத்தவங்க வாங்க" என்றீர்கள். கூடப்பிறந்த அக்காவை, யாரோ போகிறவளைச் சொல்வதுபோல அம்மா என்றீர்கள். உங்கள் சாதிச் சான்றிதழுக்காக உத்திரமேரூர் தாலுகா ஆபீஸில் மூன்று நாள் வரிசையில் நின்றவள் நான். அன்றைக்கு என்னை யாரும் ஓரமாக நில்லு என்று சொல்லவில்லை.

சாயந்திரம் போன் செய்தேன். "அக்கா, ஆபீஸ் விஷயத்தை வூட்டுக்கு எடுத்துக்கினு வராதே" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். சரி, இனி போன் செய்ய மாட்டேன். எழுத்தில் வரும் குறைக்குப் பொறுப்பாளர் ஏழு நாளில் பதில் தருவார் என்று உங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறது. பொறுப்பாளர் நீங்கள்தான். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
செவ்வந்தி


காஞ்சிபுரம்
24.06.2024

குறை எண் 41

அன்புடையீர்,

தங்களது 18.06.2024 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. ஆவணங்களைச் சரிபார்த்ததில் கீழ்க்கண்டவாறு தெரியவருகிறது.

தாங்கள் 16.04.2024, 14.05.2024, 11.06.2024 ஆகிய தேதிகளில் முன்பதிவு செய்திருந்தும் மூன்று முறையும் "வரவில்லை" எனக் கணினியில் பதிவாகியுள்ளது. தொடர்ந்து மூன்று முறை வராத நோயாளியின் கோப்பு விதிப்படி மூடப்படும். மீண்டும் சிகிச்சை பெற விரும்பினால் புதிய நோயாளியாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிய நோயாளிகளுக்குத் தற்போது கிடைக்கக்கூடிய முதல் தேதி 19.09.2024 ஆகும்.

தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இப்படிக்கு,
சா. அருள்தாஸ்
புறநோயாளர் பிரிவுப் பொறுப்பாளர்

(அக்கா, இது ஆபீஸ் கடிதம். இப்படித்தான் எழுத முடியும், காப்பி ஃபைலுக்குப் போகும். கோபம் தணிந்ததும் போன் பண்ணு.)


திருப்புலிவனம்
02.07.2024

அருள்தாஸ்,

ஐயாவும் வேண்டாம், கொய்யாவும் வேண்டாம். வரவில்லையா? நான் வரவில்லையா?

இந்தக் கடிதத்தோடு மூன்று பஸ் டிக்கெட்டை ஒட்டியிருக்கிறேன். பர்ஸிலேயே கிடந்தது. மெஷின் டிக்கெட், தேதியும் நேரமும் அடித்திருக்கும். ஏப்ரல் 16, மே 14, ஜூன் 11. திருப்புலிவனம் நிறுத்தத்தில் ஏறி, காலையில் நாஷ்டாகூட இல்லாமல் எட்டரைக்கெல்லாம் உன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறேன். ஜூன் 11 அன்று உன் மூஞ்சிக்கு நேராக நின்றேன். என்னிடம் "ஓரமா நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நான் வரவில்லை என்று கையெழுத்துப் போட உனக்கு எப்படி மனசு வந்தது? எதிரில் நிற்கிற ஆளைவிட உனக்கு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி பெரிதாகிவிட்டதா?

இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் தெருவில் மற்றவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்ததே நான்தான். முகாமில் மேற்கொண்டு காட்டச் சொன்னவர்கள் பதினோரு பேர். பாதிப் பேரிடம் போன் கிடையாது, இருக்கிறவர்களும் ஆஃபர் வந்தால் நம்பரை மாற்றிவிடுவார்கள். ரேஷன், ஊசி, நூறுநாள் வேலை, எதற்கு நம்பர் கேட்டாலும் காலனியில் என் நம்பரைத்தான் கொடுப்பார்கள். முகாமிலும் அப்படித்தான். ஏப்ரலில் எனக்கு நேரம் வாங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து ஆண்டாளம்மாளுக்கு வாங்கினேன். அவள் போனாள், பார்த்தார்கள், மருந்தோடு வந்தாள். நான் போனேன், பெயர் இல்லை. மே மாதம் எனக்கும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கன்னியப்பனுக்கும், கடைசியாக ஜான் மனைவிக்கும் வாங்கினேன். ஜான் மனைவியைப் பார்த்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் விரட்டிவிட்டார்கள். ஜூனிலும் எங்களுக்கு வாங்கிவிட்டுத் தெருவில் இன்னொருத்திக்கு வாங்கினேன், அவளை மட்டும் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தவளுக்கு இல்லை என்றால் என்ன அர்த்தம்? அக்கா என்பதால் வேண்டுமென்றே தள்ளி வைக்கிறாயா?

கன்னியப்பனுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. மூன்று முறை திரும்பி வந்துவிட்டு, "பேஜாரா பூச்சு செவ்வந்தி. நான் இன்னாத்துக்கு இனிமே போறது, வுடு" என்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன். நாற்று நடும்போது என் இடது கைப்பக்கம் அங்கங்கே நடாமல் விட்டுப்போகிறது. மேஸ்திரி நேற்று, "இன்னாம்மா, கண்ணு அவிஞ்சா பூச்சு?" என்றான். உண்மையாக இருக்குமோ என்று பயந்துவிட்டேன்.

செப்டம்பர் 19 வரைக்கும் என் கண் உன் விதியைப் படித்துக்கொண்டு காத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டு எழுது.

செவ்வந்தி


காஞ்சிபுரம்
12.07.2024

அக்கா,

இது ஆபீஸ் கடிதம் இல்லை. ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டது எனக்குச் சுரீரென்று இருந்தது. ஆனால் என் பக்கத்தையும் நீ ஒருதரம் கேட்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஓ.பி. எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். கவுன்சிலர் சிபாரிசுச் சீட்டு, வக்கீல் சீட்டு, டிரஸ்டி வீட்டு டிரைவர் சீட்டு. சீட்டு வைத்திருந்தவன் பத்து மணிக்குப் பார்த்துவிட்டுப் போய்விடுவான். நம் ஜனங்கள் விடியற்காலையில் வந்து வேப்பமரத்தடியில் மூன்று மணிவரை உட்கார்ந்திருப்பார்கள். "இன்னிக்கு அவ்ளோதான், நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்புகிற வேலை என்னுடையது. அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த முறையைக் கொண்டுவந்தேன். யாராக இருந்தாலும் போனில் பதிவு, பதிவு இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. முதல் வாரமே டிரஸ்டியின் மைத்துனரைத் திருப்பி அனுப்பினேன். அப்படி அனுப்பிவிட்டு என் அக்காவை மட்டும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனால் என் பேச்சை அங்கே யார் மதிப்பார்கள்?

இன்னொன்று. இங்கே மூன்று டாக்டர் இருந்தார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. போன வருஷம் பிப்ரவரியில் ஒருநாள் டாக்டர் கல்பனா ஒருத்தராக நூற்று எழுபத்து நான்கு பேரைப் பார்த்தார். கடைசியில் கண் பார்க்கிற கருவியில் நெற்றியை வைத்தபடியே மயங்கிவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர், டாக்டரம்மா ரொம்ப உன்னிப்பாகப் பார்க்கிறார் என்று நினைத்து அசையாமல் இருந்திருக்கிறார். ஐந்து நிமிடம் கழித்து நான் ஃபைலோடு உள்ளே போனபோதுதான் தெரிந்தது. அந்த டாக்டரும் போய்விட்டால் இந்தச் சுற்று வட்டாரத்துக்கே இங்கு கண் பார்க்க ஆள் கிடையாது. அதனால்தான் ஒரு நாளைக்கு அறுபது பேர், ஆளுக்கு ஆறு நிமிடம் என்று கட்டினேன். அறுபத்தோராவது ஆளாக யார் வந்தாலும் அது டாக்டரின் உயிரிலிருந்து எடுப்பதுதான்.

டிக்கெட்டைப் பார்த்தேன். நீ வந்தது நிஜம். கணினி ஏன் அப்படிக் காட்டுகிறது என்று எனக்கும் புரியவில்லை. நீ நம்பரைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கலாம். செப்டம்பர் 19 தேதியை உன் பெயரில் போட்டு வைத்திருக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள். வேண்டுமென்றே தள்ளி வைத்தேன் என்று மட்டும் சொல்லாதே.

அருள்


திருப்புலிவனம்
29.07.2024

அருளு,

கை வலி, அதிகம் எழுத முடியாது.

சனிக்கிழமை கூட்ரோட்டில் ரோட்டைத் தாண்டினேன். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்டினேன். இடது பக்கமிருந்து வந்த பைக் என் கண்ணில் படவே இல்லை. சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் அடித்துவிட்டான். முழங்கை பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது. அந்தப் பைக்காரனைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. "யம்மா, ஹாரன் அச்சிக்கினேதானே வந்தேன், என்னைப் பாத்துக்கினேதான நின்னே" என்று அவன் அழுகிறான். அவனைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன், தெரியவில்லை.

உன் டாக்டருக்கு ஆறு நிமிடம் வேண்டும், நியாயம்தான். அவர் மயங்கி விழுந்ததைப் படித்தபோது எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் எங்களை வீட்டுக்கு அனுப்பித்தான் அவருக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமா? நாங்கள் இரண்டு டாக்டரை வேலையை விட்டு அனுப்பவில்லையே. ஆள் எடுக்காதவர்களிடம் உன் வாய் ஏன் திறக்கவில்லை? என்னிடம் மட்டும் விதி பேசுகிறாய்.

நம்பரை நான் சரியாகத்தான் அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் மெசேஜ் இங்கிலீஷில் வந்து விழுந்தது. யாருக்கு வந்தது என்று பெயர்கூட அதில் இல்லை. வந்ததையெல்லாம் அப்படியே தேதியோடு கீழே பார்த்து எழுதியிருக்கிறேன். பத்தாவது படித்தவள், எழுத்துக்கூட்டி எழுதத் தெரியும். நீ படித்தவன், நீயே அர்த்தம் பார்.

செவ்வந்தி


காஞ்சிபுரம்
05.08.2024

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீ எழுதியிருந்த மெசேஜ்களையும் கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தவறு என்னுடையது. புரோக்கர்கள் ஒரே போனில் பத்து நேரத்தை அடைத்து வைத்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடுக்க, ஒரு நம்பருக்கு ஒரு முன்பதிவுதான் நிற்கும் என்று நான் விதி போட்டேன். அதே நம்பரில் அடுத்த பதிவு விழுந்தால் முந்தையது தானாக மூடிக்கொள்ளும். மூடும்போது அதன் மேல் கணினி போடுகிற எழுத்து "வரவில்லை". நீ ஆண்டாளம்மாளுக்கு நேரம் வாங்கிய நிமிடமே உன் நேரம் போய்விட்டது. ஜான் மனைவிக்கு வாங்கியபோது கன்னியப்பனுடையது போய்விட்டது. ஒரு நம்பரில் ஒரு தெருவே இருக்கும் என்பது, அதே தெருவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டுக்கே சிலிண்டர் உன் நம்பரில்தான் வருகிறது.

அதோடு போகவில்லை. இப்படி ஒரே நம்பரில் மூன்று முறை "வரவில்லை" ஆகி மூடிய கோப்புகளை எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. திருப்புலிவனம், திருமுக்கூடல், கூரம், எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் வராமல் போனதால்தான் காத்திருப்பு குறைந்தது. காத்திருப்பு குறைந்ததற்காகத்தான் ஜனவரியில் எனக்குச் சால்வை போட்டார்கள். அந்தப் போட்டோவை நீ சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய். கழற்றிவிடு.

இன்னொன்றும் பார்த்தேன். ஜூன் கடிதத்தில் உன் வரிகள் தாளின் இடது ஓரத்திலிருந்து தொடங்குகின்றன. இரண்டாவது கடிதத்தில் இரண்டு விரல் தள்ளி. போன வாரக் கடிதத்தில் கிட்டத்தட்ட நடுவிலிருந்து. நீ ஓரம் விட்டு எழுதுகிறாய் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் தாள் இருப்பதே உனக்குத் தெரியவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. தினமும் அறுபது கண் ஃபைலைத் தொடுகிறவன், சொந்த அக்காவின் கடிதத்தை மூன்று தடவை வாங்கியும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை, 8ஆம் தேதி, 10.20. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இது சலுகை இல்லை. உன் ஏப்ரல் மாதத்து நேரம்தான். வந்துவிடு அக்கா.

அருள்


திருப்புலிவனம்
10.08.2024

அருளு,

வந்தேன். மற்றவர்களைப் பார்த்த பிறகு என்னைப் பாருங்கள் என்று நான் பெருந்தன்மை காட்டுவேன் என்று நினைத்தாயோ என்னவோ. காட்டமாட்டேன். என் கண், அதனால் வந்தேன்.

வாசலில் எல்லார் முன்னாலும் "அக்கா, வா" என்று எழுந்து நின்றாய். கேட்டும் கேட்காததுபோல் உள்ளே போனேன். ஜூன் மாதம் விட்டுப்போனதை ஆகஸ்டில் ஒரு வார்த்தையில் சரிக்கட்ட முடியாது.

உங்கள் டெக்னீஷியன் சுகுமார் ஒரு கிண்ணம் மாதிரி மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லி, "வெளிச்சம் தெரியும்போதெல்லாம் இந்த பட்டனை அமுத்துங்க" என்றார். ரொம்ப நேரம் வெளிச்சமே வரவில்லை. "தம்பி, மெஷின் ரிப்பேர் பூட்சு போலக்கீதே" என்றேன். அவர் மெதுவாக, "மெஷின் நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றார். அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணில் ஓரம் போயிருக்கிறது. ஜனவரியில் இருந்ததையும் இப்போது இருப்பதையும் டாக்டரம்மா படத்தில் காட்டினார். நாலு மாதம் மருந்தில்லாமல் இருந்ததில் போனது இவ்வளவு என்று பேனாவால் வட்டம் போட்டார். மீதியைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார். ஆறு நிமிடம் என்று நீ கட்டி வைத்ததை மீறி இருபது நிமிடம் பேசினார். நடுவில் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மணி பதினொன்று, அதுதான் அவர் காலைச் சாப்பாடாம். அவர் பக்கத்தில் இன்னொரு டாக்டர் மேஜை உறை போட்டு மூடிக் கிடக்கிறது. அதன்மேல் பழைய காலண்டர்களை அடுக்கி வைத்திருக்கிறீர்கள்.

வெளியே வரும்போது குறை தீர்ந்தது, தீரவில்லை என்று இரண்டு கட்டம் போட்ட ஒரு படிவத்தை நீட்டினாய். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டாய், கூட்டத்தில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

மீதி இருநூற்றுப் பதினோரு பேர் எங்கே? அவர்களுக்கெல்லாம் பஸ் டிக்கெட்டை ஒட்டி அனுப்ப ஒரு செவ்வந்தி இருக்கிறாளா, பொறுப்பாளராக ஒரு தம்பி இருக்கிறானா? உத்திரமேரூர் கோவில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்களே, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஓலையில் ஆளின் பெயரை எழுதித்தான் குடத்தில் போட்டார்கள். பெயரை எழுதினார்கள், போன் நம்பரை இல்லை. அந்தக் குடத்தில் எங்கள் ஜனங்களின் பெயரை அன்றைக்கும் போடவில்லை, அது வேறு விஷயம். நீயாவது போடக்கூடாதா? பெயரும் ஊரும் எழுதிப் பதிவு செய். அந்த மூடிக் கிடக்கிற மேஜைக்கு ஆள் கேள். என் கண்ணில் அழுத்தம் பார்த்தது டாக்டர் இல்லை, சுகுமார்தான். அழுத்தம் மட்டும் பார்க்க வேண்டியவர்களை அவரே ஒருநாள் பார்க்கட்டும், கூடுதலாக இருப்பவர்களை மட்டும் டாக்டரிடம் அனுப்பு. நடவுக்கு ஆள் பிரிக்கிற எனக்கே இது தெரிகிறது, சால்வை வாங்கிய உனக்குத் தெரியாதா?

கன்னியப்பனை முதலில் கூப்பிடு. அவருக்கு வலது கண்ணில் நிழல் ஆடுகிறதாம்.

செவ்வந்தி


காஞ்சிபுரம்
31.08.2024

அக்கா,

இருபது நாளாக எழுதவில்லை. எழுதும்படி எதுவும் நடக்காததால் இல்லை, நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாததால்.

உன் கடிதத்தை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முழுதாக வாசித்தேன். பிஸ்கட்டையும் காலண்டரையும்கூட விடவில்லை. டாக்டர் கல்பனா தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் என்னைக் குனிய வைக்கப் பார்த்தார்கள். "வெளியில சொல்ற விஷயமாய்யா இது? நீ போட்ட விதி, நீதானே பொறுப்பு?" என்றார்கள். நான்தான் பொறுப்பு என்றேன். அந்த மேஜைக்கு ஆள் எடுக்காதது யார் பொறுப்பு என்றும் கேட்டேன். அதற்குப் பதிலாக டீ வந்தது.

நம்பர் விதியை எடுத்துவிட்டேன். இப்போது பெயர், ஊர், அட்டை எண். மெசேஜ் தமிழில் பெயரோடு போகிறது. சனிக்கிழமை தோறும் சுகுமார் அழுத்தம் பார்க்க ஒரு மாதத்துக்கு மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். முதல் சனிக்கிழமை நாற்பத்தாறு பேர் வந்தார்கள், டாக்டரிடம் போக வேண்டியவர்கள் ஒன்பது பேர்தான். நீ சொன்னது சரி. இரண்டாவது டாக்டருக்கு மட்டும் "பார்க்கலாம்" என்றார்கள்.

மூடிய கோப்புகளை முதலிலிருந்து வரிசைப்படி எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறேன். இதுவரை நூற்று முப்பத்தெட்டு பேர். கன்னியப்பன் நூற்றுப் பத்தொன்பதாவதாக இருந்தார். நீ முதலில் கூப்பிடச் சொன்னாய். யாரையும் முன்னால் இழுக்க வேண்டாம், மறுபடி சீட்டுக் கலாச்சாரம் ஆகிவிடும் என்று நினைத்தேன். அவர் முறை வந்ததும் அவர் பெயரிலேயே நேரம் போட்டு மனைவியின் போனுக்குச் சொன்னேன். நேற்று, 30ஆம் தேதி, 11.40. நான் வாசலிலேயே நின்றிருந்தேன். அவர் வரவில்லை. இந்த முறை எங்கள் தவறு எதுவும் இல்லையே அக்கா, ஏன் வரவில்லை என்று விசாரித்துச் சொல்.

கடைசியாக ஒன்று. அடுத்த வாரம் மருத்துவமனைக்குத் தரச்சான்று கொடுக்கிற குழு வருகிறது. தீராத குறை ஒன்றுகூட ஃபைலில் இருக்கக்கூடாதாம். மற்றதெல்லாம் மூடியாயிற்று, மீதி இருப்பது உன்னுடைய 41 மட்டும். உன் கையெழுத்து இல்லாவிட்டால் என்னை ஓ.பி.யிலிருந்து எடுத்துக் கீழே கண்ணாடிக் கடைக்கு மாற்றுவதாகச் சொல்கிறார்கள். என் இடத்துக்கு வருகிறவன் சனிக்கிழமையை நிறுத்திவிடுவான். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். தீர்ந்தது என்ற கட்டத்தில் ஒரு கையெழுத்து. உன்னிடம் கேட்க எனக்குக் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

அருள்


திருப்புலிவனம்
05.09.2024

தம்பி அருளுக்கு,

மருந்து விடாமல் போட்டுக்கொண்டு வருகிறேன். கைக்கட்டு அவிழ்த்தாயிற்று. இந்தத் தாளின் இடது ஓரத்தில் என் பிள்ளையின் ஸ்கேலை வைத்து, அதைத் தொட்டுத் தொட்டு எழுதுகிறேன். வரி ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

நீ கூட்டத்தில் எழுந்து வாசித்ததை மூன்று தடவை படித்தேன். அழுதேன். நம் தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். சால்வை போட்டோவை நீ கழற்றச் சொன்னாய், கழற்றவில்லை. அதன் பக்கத்தில் உன் கடிதத்தை மாட்டலாம் என்றிருக்கிறேன்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஆனால் "தீரவில்லை" என்ற கட்டத்தில். என் பெயருக்குக் கீழே ஆண்டாளம்மாள், ஜான் மனைவி இன்னும் எட்டுப் பேர் கைநாட்டும் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். வருகிற குழு அதைப் படிக்கட்டும். உறை போட்ட மேஜை ஏன் என்று அவர்களாவது கேட்கட்டும். கண்ணாடிக் கடைக்கு அனுப்பினால் போ. அங்கே வருகிறவர்களிடமும் பெயர் கேட்டு எழுது. சனிக்கிழமையை நிறுத்தினால் எங்கள் குழுவில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம், எல்லாருக்கும் கடிதம் எழுதத் தெரியும், அஞ்சல் பெட்டியும் கூட்ரோட்டிலேயே இருக்கிறது.

கன்னியப்பன் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய்.

ஆகஸ்ட் 17 அன்று காலையில் எழுந்து, "இன்னா இன்னும் விடியலியா" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். அப்போது வெயில் ஏறிவிட்டது. வலது கண்ணுக்குள் ரத்தம் இறங்கிவிட்டது. இடது கண்ணில் ஏற்கனவே ஒன்றுமில்லை. சென்னைக்குக் கூட்டிப்போனோம், காலம் கடந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். நீ 30ஆம் தேதிக்கு நேரம் போட்டுப் போன் செய்தபோது அவர் மனைவி சரி சரி என்று சொன்னது, உன்னிடம் என்ன சொல்வது என்று தெரியாமல்தான். வரிசையை நீ ஒழுங்காகத்தான் பிடித்தாய் அருளு. நூற்றுப் பத்தொன்பதாவது ஆளின் கண் நான் எழுதிய ஏழாவது நாளில் அவிந்துபோகும் என்று வரிசைக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் எழுதியிருந்தேன்.

இனி அவர் உன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். அவர் பெயருக்கு நேராக "வரவில்லை" என்று எழுதிக்கொள். இந்தத் தெருவைப் பற்றி நீங்கள் எழுதியதில் அது ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்.

உன் அக்கா,
செவ்வந்தி